வெற்றிலை மையில் நான் பார்த்தது

கோயில் கும்பாபிஷேக மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று வந்து நின்றார்கள். கருவறைக்குக் கருங்கல் தளம் போட்டுக் கொடுத்தவன் நான். அதனால் முதல் பக்கம் எனக்குத்தான் என்றார்கள். அது நியாயம்தான். தலைப்பையும் அவர்களே எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்: இருளில் இருக்கும் ஞானம். வேறு யாராவதாக இருந்தால் நாலு புத்தகத்தைப் புரட்டி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நான் நான்காம் வகுப்போடு நின்றவன். இதில் பிழை இருந்தால் அது திருத்திக் கொடுத்த என் மருமகளுடையது.

ஆனால் இருட்டைப் பற்றி எனக்குச் சொல்லித் தர இந்தத் தாலுகாவில் ஆள் கிடையாது. திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் வண்டியில் கிளீனராக ஏறியவன் நான். இன்றைக்கு ஆறு மாநிலத்தில் என் பேர் எழுதிய வண்டிகள் பூமியைத் துளை போட்டுக்கொண்டிருக்கின்றன. வெயிலே படாத கல்தூளைக் கையில் அள்ளி மோந்து பார்த்துத் தண்ணீர் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவேன். மிஷின் வைத்துப் பார்த்த இன்ஜினியர் சொன்னது பொய்த்திருக்கிறது. நான் சொன்னது பொய்த்ததில்லை. தண்ணீர் விஷயத்தில் நான் பொய் சொன்னது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அப்போது எனக்கு எட்டு வயது. மலர்க் குழுவுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் வீடு மல்லசமுத்திரத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே, தோட்டத்துக்குள் தனியாக இருந்தது. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. வேலிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. தாத்தா போன பிறகு இரண்டு வீட்டுக்கும் பெரியப்பா சொன்னதுதான் சட்டம். அப்பா அவர் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அத்தையைப் பெரியப்பாவின் மச்சானுக்குப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே தலை நரைத்திருந்தது. அத்தைக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

இளம்பிள்ளையிலிருந்து சைக்கிளில் சேலை மூட்டை கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். தறி நெய்கிறவர். எங்கள் ஆட்கள் இல்லை. அம்மா ஒரு சேலை எடுத்தால் அத்தை பத்துச் சேலையைப் பிரித்துப் பார்ப்பாள். அவர் சலிக்காமல் மடித்து வைப்பார். அதில் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ரோட்டோரப் புளிய மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தபோது, அத்தை தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கீழே வந்து நின்றாள். பின்னாலேயே அந்தச் சேலைக்காரர், சைக்கிள் இல்லாமல். என்னைப் பார்த்துவிட்டாள். இறங்கி வரச் சொல்லி என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"யாரு கேட்டாலும் பாக்கலைன்னு சொல்லோணுஞ் சாமி. எம்மேல சத்தியம்."

"எப்பங்க அத்தை வருவீங்க?"

"அடுத்த வெள்ளாமை எடுக்கறதுக்குள்ள வந்துருவேன் கண்ணு. நீ பள்ளிக்கூடம் போவலைன்னு நானுஞ் சொல்ல மாட்டேன், போ."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள். எனக்கு அடி விழாது என்பதில்தான் அன்றைக்கு என் சந்தோஷம் முழுதும் இருந்தது.

வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. பெரியப்பா எங்கேயோ போய்விட்டு வந்தார். மூன்றாம் நாள் ஆத்தூர்ப் பக்கமிருந்து ஒரு மைக்காரரை அழைத்து வந்தார். காணாமல் போன பொருளை, ஆளை, மையில் பார்த்துக் கண்டுபிடிக்கிறவருக்கு அந்தப் பேர். வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி ஒரு சின்னப் பிள்ளையின் கையில் கொடுப்பார்கள். போனது எங்கே என்று அந்தக் கறுப்புக்குள் பிள்ளைக்குத் தெரியும். பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாது. எல்லாப் பிள்ளைக்கும் தெரியாது. தலைச்சன் பிள்ளையாக இருக்க வேண்டும், அதிலும் கால் முன்னால் வந்து பிறந்திருந்தால் விசேஷம். நான் இரண்டும். பிறக்கும்போதே மற்றவர்களைப் போலப் பிறக்காதவன்.

உச்சி வெயில் நேரம். சோளம் கொட்டி வைக்கும் அறையில் ஜன்னலுக்குச் சாக்கு கட்டிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே நான், மைக்காரர், பெரியப்பா, அப்பா. அம்மா கதவுக்கு வெளியே. எனக்குப் பின்னால் ஒரு சின்ன அகல் மட்டும். நான் பயப்படுகிறேன் என்று நினைத்து மைக்காரர் என் முதுகைத் தடவினார்.

"ஏன் தம்பி, சாமி இருக்குற அறைக்கு ஜன்னல் வெச்ச கோயில எங்கனா பாத்திருக்கியா? ஆத்தா வயித்துல இருந்தியே, அங்க வெளிச்சம் இருந்துச்சா? வெளிச்சம் காட்டுறதெல்லாம் மேல்தோலு. உள்ள இருக்குறத இருட்டுதான் காட்டும். கண்ண மூடாத, பாரு."

இன்றைக்குப் பெரிய பெரிய மேடையில் மைக் பிடித்துப் பேசுகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் சொல்வதை அந்த மனிதர் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை.

மை ரூபாய் வட்டத்துக்கு இருந்தது. விளக்கெண்ணெய் வாசம்.

"கூட்டுறவன் வந்தானா?"

முதலில் ஒருவன் வந்து கூட்டுவான். அப்புறம் ஒருவன் தண்ணீர் தெளிப்பான். அப்புறம் ஆசனம் போடுவார்கள், ஆஞ்சநேயர் வந்து உட்காருவார். உட்கார்ந்த பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். எனக்கு எவனும் வரவில்லை. வெகுநேரம் பார்த்தேன். தெரிந்தது என் முகம் மட்டும்தான். எண்ணெய்ப் பளபளப்பில் விரல்நகம் அளவுக்கு இரண்டு கண்ணும் ஒரு மூக்கும். கொசு கடித்தது. மைக்காரர் கை என் பிடரியில் இருந்தது. அது மெல்ல இறுகியது.

"வந்துட்டானுங்க," என்றேன்.

அறைக்குள் மூச்சு விடுகிற சத்தம் மாறியது. நான் ஒரு வார்த்தை சொல்ல, மூன்று பெரிய மனிதர்கள் ஒன்றாக அசைந்தார்கள். அதற்கு முன்னால் என் பேச்சுக்கு எங்கள் வீட்டு நாய்கூட அசைந்ததில்லை. தண்ணீர் தெளிப்பவனும் வந்தான். ஆசனமும் வந்தது. ஆஞ்சநேயரை வாலோடு சேர்த்து வர்ணித்தேன்.

"இப்ப பொண்ணு தெரியுதா?"

"தெரியுதுங்க."

"எங்க? பஸ்ஸா, ரோடா? இல்ல தண்ணியா? தண்ணி தெரியுதா பாரு."

சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது. பஸ் என்றால் அத்தை மாட்டிக்கொள்வாள். தண்ணீர் என்று சொல்லிவிட்டால் ஒருவரும் இளம்பிள்ளைப் பக்கம் போகமாட்டார்கள். எட்டு வயதில் எவனுக்கு இந்த யோசனை வரும்? என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

"தண்ணிதானுங்க. கெணறு. மேக்கால கெணறு. அதுக்குள்ள அத்தை படுத்திருக்கறாங்க."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியப்பா அவர் தோளில் கை வைத்தார்.

"அப்பறம் என்னடா? அதான் பையன் சொல்லிப்புட்டானல்ல."

மறுநாள் காலை பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி மேற்குக் கிணற்றில் விட்டுத் துழாவினார்கள். என்றைக்கோ விழுந்த ஒரு பித்தளைக் குடம் வந்தது. வெயில் ஏறுவதற்குள் கரண்டியைச் சுருட்டிவிட்டார்கள். அடியில் பொந்து இருக்கிறது, ஊற்று உள்ளே இழுத்துக்கொண்டுபோயிருக்கும் என்றார் பெரியப்பா. சரி என்றார்கள் எல்லோரும். வைக்கோலில் ஆள் செய்து, அத்தையின் பாவாடை தாவணியைச் சுற்றி, காட்டில் வைத்துக் கொளுத்தினார்கள். சொந்தக்காரர்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். பதினாறாம் நாள் கருமாதி.

எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. வெள்ளாமைக்கு அத்தை திரும்பி வந்தால் இவ்வளவு பேரும் வெட்கப்பட்டுப் போவார்களே என்று. மற்றபடி, பெரியவர்களை ஏமாற்றிவிட்டேன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பது வயதானபோதுதான் அம்மா சொன்னாள். இரண்டாம் நாளே பெரியப்பா இளம்பிள்ளை போய், அத்தை ஒரு தறிக்கூடத்து வாசலில் மாலையும் மஞ்சள் கயிறுமாக நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஆத்தூருக்குப் பஸ் ஏறியிருக்கிறார். ஓடிப்போனவள் இருக்கும் வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கமாட்டார்கள். கிணற்றில் விழுந்து செத்தவள் வீட்டில் துக்கம் கேட்பார்கள். அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். பொய் சொல்லத் தெரியாத வாய் என்று ஊர் நம்புகிற வாய்.

அந்த வாய்க்கு அப்புறம் வந்த கிராக்கியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மைக்காரர் வியாழக்கிழமை தோறும் வந்து என்னை அழைத்துப் போனார். ஆடு காணோம், மூக்குத்தி காணோம், மருமகள் கோபித்துக்கொண்டு எங்கே போனாள். ராசிபுரம் வட்டாரத்தில் என் பேர் தெரியாத வீடு கிடையாது. போகிற இடமெல்லாம் புதுச் சட்டை, தேங்காய், பழம், மிட்டாய். வாத்தியார் என்னை அடிப்பதை நிறுத்திவிட்டார். தலைமயிர் நரைத்தவர்கள் என்னை "வாங்க சாமி" என்று கூப்பிட்டார்கள். நான் சொன்னதில் பாதி பலித்தது. கேட்க வந்தவர்கள் ஏற்கெனவே எதை நினைத்துக்கொண்டு வருகிறார்களோ அதைச் சொன்னால் பலிக்கும். அது என் தொழிலுக்கு இன்றைக்கும் உதவுகிறது.

கடலைக்காய் பிடுங்கிக் களத்தில் காயப்போட்டிருந்த ஒரு மத்தியானம், அத்தை வந்தாள்.

சொன்ன சொல் தவறாமல், வெள்ளாமைக்கு. அரக்குக் கலர் சேலை, கையில் பழப்பை, வயிறு மேடிட்டிருந்தது. ஏழாம் மாதம் இருக்கும். எங்கள் பக்கத்தில் தலைப் பிரசவம் பிறந்த வீட்டில்தான். எவ்வளவு சண்டையானாலும் அந்த வயிற்றைப் பார்த்தால் கதவு திறந்துவிடும் என்று நம்பி வந்திருக்கிறாள். புருசனை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள். அம்மா முறத்தைப் போட்டுவிட்டு இரண்டடி எடுத்து வைத்தாள். களத்து ஓரம் கட்டிலில் பெரியப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"யாரோ வந்திருக்கறாங்க. என்னன்னு கேளு," என்றார் பெரியப்பா, அப்பாவிடம்.

அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அத்தையை அவர் எப்போதும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"யாருங்க அம்மிணி? எந்த ஊருங்க உங்களுக்கு?"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போங்கண்ணா. வெயில்ல வந்து நிக்கறேன், வெளையாடறீங்க."

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சுங்க. கெணத்துல உளுந்துருச்சுங்க. காரியமெல்லாம் பண்ணியாச்சு."

சிரிப்பு பாதியில் நின்றது. அப்பாவைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து என்னைப் பார்த்தாள்.

"சாமி, நீ சொல்லு கண்ணு. அத்தை எங்க போனேன்னு உனக்குத் தெரியுமல்ல? இப்பச் சொல்லிரு. சத்தியமெல்லாம் ஒன்னுமில்ல, சொல்லு."

கட்டிலிலிருந்து பெரியப்பா குரல் வந்தது. "என்றா முளிக்கறே? மையில என்ன பாத்தியோ அதச் சொல்லு."

நான் யோசித்தேன். நன்றாக யோசித்தேன், அதை மறைக்கப் போவதில்லை. அந்த வியாழக்கிழமை ஆத்தூரில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டுக்கு என்னை அழைத்திருந்தார்கள். கார் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் அதுவரை காரில் ஏறியதில்லை. அத்தை உயிரோடு நிற்கிறாள் என்றால் நான் மையில் பார்த்தது பொய். பொய் என்றால் கார் வராது. வாத்தியார் மறுபடியும் பிரம்பை எடுப்பார்.

"அத்தை செத்துப் போயிட்டாங்க," என்றேன். "நாம் பாத்தேன்."

அத்தை நிமிர்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவைப் பார்த்து, அசலாரிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்:

"சரிங்க. ஊடு தெரியாம வந்துட்டனுங்க."

பழப்பையைக் கீழே வைக்கவில்லை, கையோடு எடுத்துக்கொண்டு போனாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றி வண்டித்தடத்தில் அவள் நடந்து ரோடு சேரும்வரை அப்பா என் தோளை விடவில்லை. என்னைத் திட்டாமல் போனாளே என்று எனக்கு நிம்மதி. வியாழக்கிழமை கார் வந்தது.

முதல் பொய் அவளுக்காகச் சொன்னது. இரண்டாவது எனக்காக. இருட்டில் ஞானம் இருக்கிறது என்றால், எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: அந்தக் கறுப்புக்குள் நான் முதலில் கண்டது என் முகம்தானே, அதுதான் சரியான காட்சி. அதற்கு மேல் சொன்னதெல்லாம் சேர்க்கை. மை பொய் சொல்லவில்லை. அதைப் பார்த்த எட்டு வயதுப் பையனைக் காட்டியது. அவன் அதைச் சொல்லவில்லை. கோயிலில் கருவறை இருட்டைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள் எல்லாம் உள்ளே சாமி தெரிகிறது என்கிறார்கள். இருக்கலாம். நான் தளம் போட்டுக்கொடுத்த கருவறைக்கு வெளியே நின்று நான் பார்க்கும்போது, அரக்குக் கலர் சேலை ஒன்று வண்டித்தடத்தில் போவதுதான் தெரிகிறது.

மூன்று மாதம் கழித்து அந்தச் சேலைக்காரர் வந்தார். சைக்கிளில் மூட்டை இல்லை. கக்கத்தில் ஒரே ஒரு புதுச் சேலை, காகிதத்தில் சுற்றியிருந்தது. வேலிக்கு வெளியிலேயே நின்றார். பெரியப்பா இந்தப் பக்கம் நின்றார், அப்பா அவருக்குப் பின்னால்.

"பொறந்தது பொண்ணுங்க. அவ போயிட்டாளுங்க, இன்னிக்கு வெடியால."

கக்கத்திலிருந்து சேலையை எடுத்தார்.

"நீங்க வர வேண்டாமுங்க. பொறந்த ஊட்டுக் கோடி இல்லாம எடுக்கக் கூடாதுன்னு பொம்பளைங்க சொல்றாங்க. நான் தறியில நெய்த சேலையவே கொண்டாந்துட்டனுங்க. நீங்க ஒருதரம் கையில தொட்டுக் குடுத்தீங்கன்னாப் போதும்."

செத்தவளுக்குப் பிறந்த வீட்டுச் சேலை போர்த்தித்தான் அனுப்ப வேண்டும். அது எவ்வளவு ஏழைக்கும் உள்ள உரிமை. அவர் வேலிமுள்ளுக்கு மேலாகச் சேலையை நீட்டினார். பெரியப்பா திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் கை கொஞ்சம் எழுந்ததை நான் பார்த்தேன். அப்புறம் அது வேட்டியைப் பிடித்துக்கொண்டது.

"அந்தச் சாவு எங்க ஊட்டுல முடிஞ்சு போச்சுங்க," என்றார் அப்பா.

சேலைக்காரர் இன்னும் கொஞ்சநேரம் கையை நீட்டியபடியே நின்றார். அப்புறம் சேலையைக் காகிதத்தில் பழையபடி மடித்தார். தறிக்காரர் இல்லையா, மடிப்பு கலையாமல் மடித்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார், ஏறவில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் தலைக்குக் குளிக்கவில்லை, அழவில்லை. ஒரு சாவுக்கு இரண்டு தடவை அழ முடியாது. அம்மா வழக்கம்போல் உலை வைத்தாள். சாப்பாட்டு நேரத்துக்கு அப்பாவைக் காணோம். தேடிக்கொண்டு போனேன். சோள அறைக்கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டிவிட்டு, வெறும் தரையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் திறந்த கீற்று வெளிச்சம் அவர் முதுகில் விழுந்ததும் உடம்பைக் குறுக்கிக்கொண்டார்.

"சாத்து சாமி. வெளிச்சம் வேண்டாம்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தேன். அந்த மாதிரி இருட்டில் மனிதர்கள் உட்காருவது எதற்கென்று எனக்குத் தெரியாதா, என் தொழிலே அதுதானே. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏனுங்கப்பா, என்னங்க காணாமப் போச்சு? நாம் பாத்துச் சொல்லட்டுமா?"

அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். அவர் கை சில்லென்று நனைந்திருந்தது. நான் காத்திருந்தேன். கேட்டால் சொல்வதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. ஊரெல்லாம் என்னைத் தேடி வருகிறது, பெற்ற அப்பனுக்கு என்மேல் நம்பிக்கை இல்லையே என்று எனக்கு அப்படியொரு கோபம். கையை உதறிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.